ஆடாத கோடு

நான் வேலை பார்த்த மருத்துவமனையில், பிரசவ அறைக்கு வெளியே செவிலியர் மேசைக்கு மேலே, போன மாதம் ஒரு பெரிய திரை மாட்டியிருக்கிறார்கள். உள்ளே படுத்திருக்கும் நான்கு பெண்களின் வயிற்றிலுள்ள நான்கு குழந்தைகளின் இதயத் துடிப்பும் அதில் ஓடும். எண் சரியாக இருந்தால் பச்சை, கொஞ்சம் தவறினால் மஞ்சள், மோசமானால் சிவப்பு. ஓய்வு பெற்றவள் என்ற மரியாதைக்கு என்னையும் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டு, கேசரி கொடுத்து, திரைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு செவிலியர், நல்ல பெண்தான், என் காதோரம் வந்து கேட்டாள்.

"அக்கா, இனிமே பச்சையா இருந்தா உள்ள போய்ப் பார்க்க வேண்டாம் இல்ல?"

கேசரித் தட்டைக் கீழே வைத்தேன்.

அங்கேயே பதில் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் நிர்வாகி மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்றதால் பாதியில் விட்டுவிட்டேன். மீதியை எழுதிக் கொடுங்கள் என்று அந்தப் பெண்ணும் அவளுடைய தோழிகளும் கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன். அதற்கு நான் மட்டுமே காரணமில்லை.

என் பெயர் எஸ்தர். கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு சிறிய மருத்துவமனையின் பிரசவ அறையில்தான் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. என் அப்பா காலத்தில் நாங்கள் நெல்வயலில் கூலி வேலை செய்தவர்கள். என் தலைமுறையில் தம்பிகள் தொழிற்சாலைக்குப் போனார்கள், நான் செவிலியர் பயிற்சிக்குப் போனேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்கை விரிக்கக் கற்றேன், ஊசி போடக் கற்றேன், திட்டு வாங்கக் கற்றேன். அங்கே கற்றதில் கடைசி நாள்வரை கூட வந்தது ஒன்றுதான். அது காது வைத்துக் கேட்கும் முறை.

அப்போது குழல்தான். ஊதுகுழலின் வாயைப் போல ஒரு முனை அகன்ற, கையளவுக் குழல். முதலில் இரண்டு கைகளாலும் வயிற்றைத் தடவிக் குழந்தையின் முதுகைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பக்கம் பலகை போல வழவழப்பாக இருக்கும், அது முதுகு. மறுபக்கம் முண்டும் முடிச்சுமாக இடிக்கும், அது கைகால். துடிப்பு முதுகுப் பக்கம்தான் தெளிவாகக் கேட்கும். அகன்ற வாயை அங்கே வைத்து, மறுமுனையைக் காதால் அழுத்திக்கொண்டு, குழலிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் நம் விரல் உரசும் சத்தம்தான் கேட்கும். எடுத்த கையைத் தாயின் மணிக்கட்டில் வைக்க வேண்டும். காதில் கேட்பதும் மணிக்கட்டில் அடிப்பதும் சேர்ந்தே அடித்தால் நாம் கேட்டுக்கொண்டிருப்பது தாயின் ரத்த ஓட்டத்தை. இரண்டும் தனித்தனியாக அடித்தால்தான் அது குழந்தை.

எப்போது கேட்பது என்பதிலும் ஒரு முறை உண்டு. வலி வரும்போது வயிறு கல்லாக இறுகும், பிறகு தளரும். தளர்ந்தவுடன் கேட்கத் தொடங்கி ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குகிற கெட்டிக்காரத்தனம் இங்கே செல்லாது. களைத்துப்போன குழந்தை வலி முடிந்த பிறகுதான் தடுமாறும். பெருக்கிக்கொண்டிருப்பவளுக்கு அந்தத் தடுமாற்றம் கேட்காது.

இந்தப் பழக்கத்தை எனக்குள் இறுக்கி முடிச்சுப் போட்டவர் டாக்டர் வசுமதி. எங்கள் மருத்துவமனையின் மகப்பேறு மருத்துவர். ஒல்லியான உருவம், மூக்கின் நுனியில் நிற்கும் கண்ணாடி. குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நின்றுகொண்டு ஒரு பிரசவப் பெண்ணிடம் அவர் பேசியும் பார்த்ததில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டுதான் பேசுவார். நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் ஒரு நாள் கேட்டார்.

"என்ன எஸ்தர், உள்ள இருக்கறவங்க எப்படி இருக்காங்க?"

"நார்மல் மேடம்."

"அது உன் அபிப்பிராயம். நீ கேட்டது என்ன?"

நான் மறுபடியும் "நார்மல்..." என்று தொடங்கினேன்.

"அபிப்பிராயம் சொல்ல எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க. உனக்கு, கேட்கறதுக்கு. போய்க் கேட்டுட்டு வா."

போய்க் கேட்டுவிட்டு வந்து, எண்ணிக்கை எவ்வளவு, வலிக்குப் பிறகு மாறியதா, வயிற்றில் கை வைத்தால் ஏறியதா என்று ஒப்பித்தேன். "இப்போ சொல்றேன், நார்மல்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார். அன்றுமுதல் அந்த வார்த்தையை நான் பிரசவ அறைக்குள் பயன்படுத்தியதில்லை.

சில ஆண்டுகள் கழித்து மிஷின் வந்தது. தாயின் வயிற்றில் இரண்டு பட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வட்டத் தகடு. ஒரு தகடு குழந்தையின் துடிப்பைப் பிடிக்கும், மற்றது வயிறு இறுகுவதைப் பிடிக்கும். எண்ணும் இரண்டு கோடுகளும் திரையில் ஓடும், அதே கோடுகள் பதிந்த தாளும் வெளியே வந்துகொண்டே இருக்கும். மிஷின் நல்ல மிஷின்தான், அதை நான் குறை சொல்லவில்லை. அதைச் சுற்றியிருந்த மனிதர்கள்தான் என் ரத்த அழுத்தத்தை ஏற்றினார்கள். தகட்டுக்குத் தடவும் பசை தீர்ந்துபோனால் ஆயா தேங்காய் எண்ணெயைத் தடவிவிடுவார். தாள் சுருளைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, "கோடே வரல, மிஷின் ரிப்பேர்" என்பார்கள். போனில் பேசுவது கேட்கவில்லை என்று சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். ஒருநாள் மிஷின் திடீரென்று அணைந்துபோனது. பதறிப்போய்ப் பார்த்தால், துணைக்கு வந்திருந்த ஒரு அம்மா பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் தன் போனைச் சார்ஜ் போட்டிருந்தார். "அஞ்சு நிமிஷம்தான் சிஸ்டர், சும்மா ஒரு பாயிண்ட் ஏத்திக்கறேன்" என்றார். அந்தத் தாளும் சூட்டில் வெளுத்துப்போகும் ஜாதி. எங்கள் ஊர் வெயிலில் அலமாரிக்குள் வைத்தாலும் கோடு மங்கிவிடும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. அந்த மிஷின் ஒருபோதும் 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லாது. குழந்தையின் துடிப்பு கிடைக்காவிட்டால், பக்கத்தில் கிடைக்கும் தாயின் துடிப்பை எடுத்துக் காட்டும். வலியில் இருக்கும் பெண்ணின் நாடி வேகமாக ஓடும், எண் பார்க்கக் குழந்தையுடையதைப் போலவே இருக்கும். ஒரு பெண் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. திரையில் நல்ல எண் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். எந்த ஊர், நாஷ்டா சாப்பிட்டாயா என்று விசாரித்துக்கொண்டே பழக்கதோஷத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பேச்சை நிறுத்தினார். திரையைப் பார்த்தார், மணிக்கட்டைப் பார்த்தார். தகட்டை நான்கு விரல் கீழே நகர்த்தினார். அப்போதுதான் உண்மையான சத்தம் வந்தது, மிக மெதுவாக. கழுத்தில் தொப்புள்கொடி இறுகியிருந்தது. நல்லவேளையாகத் தலை கீழே இறங்கியிருந்ததால் கருவி போட்டு உடனே வெளியே எடுத்தோம். குழந்தை பிழைத்தது. அன்று அந்த மிஷினில் பச்சை விளக்கு இருந்திருந்தால், அது பிரகாசமாக எரிந்துகொண்டிருந்திருக்கும்.

இனி ரேவதியின் கதைக்கு வருகிறேன். என் நாட்குறிப்புகளில் இதைப் போல எரிச்சலோடு எழுதிய பக்கங்கள் வேறு இல்லை.

ரேவதிக்கு எளாவூர் பக்கம் ஒரு கிராமம். முதல் பிரசவம். கல்யாணத்துக்கு முன் தொழிற்பேட்டையில் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை பார்த்த பெண், வாய் கொஞ்சம் அதிகம். கணவர் தேவா இரும்பு உருக்கும் ஆலையில் கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். உலையின் சூட்டைத் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவருடைய வேலை. ஒரு காலை, இருவரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். சோதனைச் சாவடி அருகே லாரிகள் வரிசைகட்டி நின்றதால் வழியிலேயே தாமதம். வழியிலேயே பனிக்குடமும் உடைந்திருந்தது. அவள் சேலையில் இருந்த ஈரம் பச்சையாக இருந்தது. குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டால் தண்ணீர் அப்படி ஆகும். அது ஒன்றை மட்டும் வைத்து ஆபத்து என்று சொல்ல முடியாது. ஆனால் கவனமாக இரு என்று அது சொல்லும்.

மிஷினைக் கட்டினோம். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன், துடிப்பு குழந்தையுடையதுதான். எண்ணும் சரியான அளவுக்குள்தான் இருந்தது. ஆனால் தாளில் வந்த கோடு ஸ்கேல் வைத்து வரைந்ததைப் போல இருந்தது.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். நன்றாக இருக்கும் குழந்தையின் துடிப்பு ஒரே எண்ணில் நிற்காது. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். மூளையிலிருந்து வரும் ஒரு நரம்பு இதயத்தை 'ஓடு' என்கிறது, இன்னொன்று 'நில்' என்கிறது. அந்த இழுபறி இருக்கும்வரை கோடு சின்னச் சின்னப் பற்களோடு ஆடிக்கொண்டே போகும். குழந்தை அசைந்தால் ஒரு மேடு எழும்பும். பிராணவாயு குறைந்து குழந்தை ஓய்ந்துபோகும்போது அந்த இழுபறியும் ஓய்ந்துவிடும், கோடு நேராகிவிடும். பார்க்க அழகாக இருக்கும். எங்களுக்கு அது அபாயச் சங்கு.

ஆனால் நேர்க்கோட்டைப் பார்த்தவுடன் ஓடவும் கூடாது. குழந்தை தூங்கினாலும் கோடு அப்படித்தான் இருக்கும். முதலில் ரேவதியை இடதுபுறமாகத் திருப்பிப் படுக்கவைத்தேன். வயிற்றைப் பிடித்துக் குலுக்கினேன். குளிர்ந்த பழச்சாறு கொடுத்தேன், கை நரம்பில் குளுக்கோஸ் ஓடவிட்டேன். தூங்கும் குழந்தை இதற்கெல்லாம் முகம் சுளித்துக்கொண்டாவது எழும். இது எழவில்லை. டாக்டர் வந்து உள்ளே பரிசோதித்தார். விரலால் குழந்தையின் தலையை நிமிண்டிப் பார்த்தார். அதற்கும் கோட்டில் ஒரு மேடு இல்லை. கருப்பை வாய் பாதிகூடத் திறக்கவில்லை, பிரசவம் ஆக இன்னும் நெடுநேரம் இருந்தது. தாளைக் கையில் எடுத்து, தையல்காரர் துணியை அளப்பதைப் போல விரல்களுக்கு நடுவே ஓடவிட்டார். ஒவ்வொரு வலிக்குப் பின்னும் கோடு மிக லேசாகக் குழிந்து, தாமதமாக மேலே வந்துகொண்டிருந்தது. பழகாத கண்ணுக்கு அந்தக் குழி தெரியாது.

முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரேவதி, குழந்தை களைச்சுப் போயிடுச்சு. இந்த வலியை அது ரொம்ப நேரம் தாங்காது. வயித்தைத் திறந்து எடுத்துடலாம்."

"எடுங்க மேடம்," என்றாள். உடனே கையெழுத்தும் போட்டாள்.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். வயது வந்த பெண் அவள், உடம்பு அவளுடையது. அவள் கையெழுத்தே போதும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எப்போதோ ஒரு குடும்பம் வந்து கண்ணாடிக் கதவை உடைத்துவிட்டுப் போனதிலிருந்து, வீட்டார் ஒருவர் கையெழுத்தும் இல்லாமல் ஆப்பரேஷன் தியேட்டரைத் திறக்கக் கூடாது என்று நிர்வாகம் ஒரு வழக்கம் வைத்திருந்தது. டாக்டர் அதை எதிர்த்துப் பலமுறை சண்டை போட்டிருக்கிறார். அன்றும் மேலாளரிடம் போனில் சண்டை போட்டார். அதே மூச்சில் பொன்னேரியில் இருந்த மயக்க மருந்து டாக்டரையும் புறப்பட்டு வரச் சொன்னார். நான் படிவத்தோடு தேவாவிடம் போனேன். கட்டில் அருகிலேயே நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இங்க ஒரு கையெழுத்து போடுங்க. ஆப்பரேஷன் பண்ணணும்."

"எதுக்கு சிஸ்டர்? நம்பர் நல்லாதான கீது?"

"நம்பர் நல்லா இருக்கு. கோடு நல்லா இல்ல."

"கோடு நல்லா இல்லயா?" என்று சிரித்தார். "எங்க பிளாண்ட்டுல இந்த மாதிரி ஸ்ட்ரெய்ட்டா லைன் ஓட்டிக் காட்டினா ஷிஃப்ட் இன்சார்ஜ் கூப்ட்டு டீ வாங்கித் தருவாரு சிஸ்டர். நான் ஏழு வருஷமா இதான் பாத்துகினு இருக்கேன்."

"அது உலை. இது குழந்தை."

"மிஷின் ஒண்ணுதான?"

கோடு ஏன் ஆட வேண்டும் என்று சொன்னேன். மூளை, நரம்பு, இழுபறி எல்லாம் சொன்னேன். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். கேட்டு முடித்ததும், "செரி சிஸ்டர், ஆனா நம்பர் நல்லாதான கீது?" என்றார்.

அதற்குள் திரையைப் படம் பிடித்துப் பள்ளிப்பட்டில் மருந்துக் கடை வைத்திருக்கும் தன் மாமாவுக்கு அனுப்பியிருந்தார். மாமா போனில் வந்தார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று தேவா ஸ்பீக்கரில் போட்டார்.

"மாப்ள, நூத்தி நாப்பது ஃபர்ஸ்ட் கிளாஸ் நைனா! அவசரப்படாத. சுகப் பிரசவத்துக்கு வெயிட் பண்ணச் சொல்லு. இவங்க எப்பவும் இப்படித்தான் பயமுறுத்துவாங்க."

"சார், நீங்க அங்க இருந்து எண்ணைப் பார்க்கறீங்க," என்று போனைப் பார்த்துச் சொன்னேன். "நாங்க கோட்டைப் பார்க்கறோம்."

"கோடுன்னா மேடம், ஆடினாத்தான பேஜாரு? நேராதான போவுது?"

டாக்டர் வந்தார். திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். இந்த முறை தாளை விரித்து, வலிக்குப் பின் வரும் குழியைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். தேவா குனிந்து பார்த்தார். "இது ஒரு டிப்பா மேடம்? எங்க ஃபர்னஸ்ல கதவு தொறந்தாலே இதைவிட எறங்கும்," என்றார். அவர் திமிராகப் பேசவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் பேசினார். திமிர் என்றால் திட்டியாவது இருக்கலாம். தன் வேலையை ஒழுங்காகத் தெரிந்த ஒரு மனிதர், அந்த அறிவை அப்படியே கொண்டுவந்து வேறொரு இடத்தில் பொருத்திப் பார்த்துவிட்டு, அது பொருந்துகிறது என்று நிம்மதியாக நிற்கிறார். அவரை எப்படி நகர்த்துவது? தாள் வந்துகொண்டே இருந்தது. குழி கொஞ்சம் ஆழமாகியிருந்தது.

ஒரு வலி முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டே ரேவதி கண்ணைத் திறந்தாள்.

"யோவ்."

"இன்னா ரேவ்? தண்ணி வேணுமா?"

"தண்ணி கெடக்கட்டும். போன மாசம் ரெண்டு நாளு ஊட்டுக்கே வராம பிளாண்ட்டுலயே கெடந்தியே. எதுக்கு?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுய்யா! கேக்கறேன்ல?"

"மீட்டரு ஒண்ணு மக்கர் பண்ணுச்சு."

"இன்னா மக்கர் பண்ணுச்சு? அன்னைக்கு வந்து கதை கதையா சொன்னியே, இப்ப சொல்லு."

"ஒரே நம்பர்ல நின்னுபோச்சு. கொஞ்சம்கூட ஆடாம." அவர் குரல் தணிந்தது.

"நின்னா நல்லதுதான? டீ வாங்கித் தருவாங்கல்ல? எதுக்குக் கழட்டிப் பாத்தீங்க?"

"எந்த ஃபர்னஸும் அப்படி அசையாம நிக்காது ரேவ். கொஞ்சமாவது ஆடும். ஆடவே இல்லன்னா..." தேவா நிறுத்தினார்.

"இல்லன்னா?"

"உள்ள சூடு அளக்கற கம்பி செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டு அவரே திரையைத் திரும்பிப் பார்த்தார். போனில் மாமா, "மாப்ள? லைன்ல கீறியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வலி பிடித்துக்கொண்டதால் ரேவதி பல்லைக் கடித்துக்கொண்டாள். தேவா என் கையிலிருந்த பேனாவை வாங்கினார், பிறகு படிவத்தை வாங்கினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன்.

மயக்க மருந்து டாக்டர் வாசலில் இறங்கும்போது தியேட்டர் தயாராக இருந்தது. குழந்தையை எடுத்தபோது அது நீலம் பூத்து, துவண்டு, சத்தமில்லாமல் வந்தது. பெண் குழந்தை. துடைத்து, முதுகைத் தேய்த்து, வாயைச் சுத்தம் செய்தேன். அழவில்லை. முகத்தில் முகமூடியை வைத்துப் பையை அழுத்தி மூச்சு கொடுக்கத் தொடங்கினார் மயக்க மருந்து டாக்டர். நான் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். துடிப்பை வாயால் சொல்லிக்கொண்டிருக்க நேரமிருக்காது. அதனால் கேட்கும் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு விரலை உயர்த்தித் தட்டிக் காட்டுவது எங்கள் பழக்கம். அறையிலுள்ள எல்லோரும் அந்த விரலைப் பார்த்தே குழந்தையின் நிலையைத் தெரிந்துகொள்வார்கள். என் விரல் மெதுவாகத்தான் தட்டியது. ரேவதியின் வயிற்றைத் தைத்துக்கொண்டே டாக்டர் நிமிர்ந்து நிமிர்ந்து என் விரலைப் பார்த்தார். முதுகில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் விழித்திருந்த ரேவதியும், கழுத்துக்குக் கீழே துணித் திரை கட்டியிருந்தாலும், தலையைத் திருப்பி என் விரலைத்தான் பார்த்தாள். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

விரல் வேகமெடுத்தது. பிறகு இன்னும் வேகம். பிறகு விரலால் ஈடுகொடுக்க முடியாமல் போய், கையைக் கீழே போட்டேன். குழந்தை முனகியது, தும்மியது, அழுதது. பெரிய அழுகையெல்லாம் இல்லை, பூனைக்குட்டி கத்தியதைப் போல.

குழந்தையைத் திருவள்ளூருக்கு, பச்சிளங்குழந்தைகளுக்கான தனிப் பிரிவுக்கு அனுப்பினோம். ஒரு வாரத்துக்கும் மேல் அங்கே இருந்து, பால் குடிக்கத் தொடங்கி, வீட்டுக்கு வந்தது. தையல் பிரிக்க ரேவதி வந்த அன்று தேவாவும் வந்தார். அவள் உள்ளே போனதும் போனை என் முன் நீட்டினார். மாமாவுக்கு அனுப்புவதற்காகத் தாளையும் படம் பிடித்து வைத்திருந்தார் போல.

"சிஸ்டர், இதுல எந்த எடத்துல நான் கையெழுத்து போட்டிருக்கணும்?"

எனக்கு அந்த இடம் தெரியும். அந்த மனிதரிடம் கோபப்பட எனக்கு எல்லா உரிமையும் இருந்தது, பேச வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கியும் வைத்திருந்தேன். கேட்ட கேள்வி ஒழுங்கான கேள்வியாக இருந்ததால் ஒழுங்காகவே பதில் சொன்னேன். படத்தைப் பெரிதாக்கி, குழந்தையின் தலையை டாக்டர் நிமிண்டிய இடத்தைத் தொட்டேன்.

"இங்க ஒரு மேடு வந்திருக்கணும். வரல. அப்போவே."

பிறகு போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மாமாக்கு ஒண்ணும் தெர்ல சிஸ்டர்," என்றார்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றேன்.

மனிதர் திருந்திவிட்டார் என்று நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதி மூன்று வருடம்தான்.

ரேவதி இரண்டாவது பிரசவத்துக்கு வந்தாள். முதல் குழந்தைக்கு வயிற்றைத் திறந்திருந்தாலும், இந்த முறை தழும்பு, குழந்தை, வலி எல்லாம் சாதகமாக இருந்ததால், கவனமாகப் பார்த்துக்கொண்டே சாதாரணப் பிரசவத்துக்கு முயலலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரேவதிக்கும் அதுதான் விருப்பம். மிஷினைக் கட்டினோம். கோடு துள்ளிக்கொண்டு ஓடியது. இவ்வளவு அழகாக ஆடும் கோட்டை நான் அந்த வருடத்தில் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் தேவா கையில் ஒரு படிவம். வரும் வழியிலேயே வரவேற்பு மேசையில் கேட்டு வாங்கி, கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார்.

"இந்தாங்க சிஸ்டர். ஆப்பரேஷனுக்கு."

"யாரு கேட்டா?"

"யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே போட்டுட்டேன். லேட் ஆவக்கூடாதுல்ல?"

டாக்டர் முக்காலியை, இந்த முறை தேவாவுக்கு எதிரே, இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இப்போது ஆப்பரேஷன் தேவையில்லை, கோடு நன்றாக ஆடுகிறது, குழந்தை நன்றாக இருக்கிறது என்று எடுத்துச் சொன்னார். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார் தேவா. கேட்டு முடித்ததும், "செரி மேடம், ஆனா எதுக்கும் இப்பவே பண்ணிட்டா இன்னா?" என்றார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படிச் செய்தால், வாய்க்கு வந்ததை விழுங்குகிறார் என்று அர்த்தம்.

அன்று காலை முழுவதும் அந்த மனிதர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பட்டை நழுவினால் ஓடிவந்தார். தாள் தீர்ந்தால் ஓடிவந்தார். பக்கத்துக் கட்டில் பெண்ணின் கோட்டையும் சேர்த்துப் பார்த்து, அவளுடைய கணவருக்கு விளக்கம் வேறு சொல்லிக்கொண்டிருந்தார். மூத்த பெண் வெளியே பெஞ்சில் பிஸ்கட்டைக் கடித்தபடி, "எப்பப்பா தம்பி வரும்?" என்று கேட்டதற்குக்கூட, "இருடா, லைன் பாத்துகினு இருக்கேன்" என்றுதான் பதில் வந்தது. வலிகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் ரேவதி கண்ணசந்தாள். அந்த நேரத்தில் செவிலியர் மேசையருகே உட்கார்ந்து ஒரு வாய் சோறு எடுத்து வைத்தேன்.

"சிஸ்டர்! சிஸ்டர்! கோடு ஆடல! ஓடியாங்க!"

சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கோடு உண்மையாகவே நேராகத்தான் இருந்தது. ரேவதியின் மணிக்கட்டைப் பிடித்தேன். வலி வந்துபோகும்வரை காத்திருந்து பார்த்தேன், குழி எதுவும் இல்லை. தண்ணீர் தெளிவாக இருந்தது. பிறகு உள்ளங்கையை வயிற்றில் வைத்து மெல்லக் குலுக்கினேன். கைக்கு எதிரே ஒரு உதை விழுந்தது. கோடு சட்டென்று மேலே ஏறி, இறங்கி, மறுபடி பழையபடி ஆடத் தொடங்கியது.

தேவா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இன்னா சிஸ்டர்? இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. தூங்கினு இருந்த புள்ளைய உங்களால எழுப்பிட்டேன்."

ரேவதி கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "நானும்தான் தூங்கினு இருந்தேன்."

சாயங்காலம் பையன் பிறந்தான். தலை வெளியே வந்ததுமே ஊரைக் கூட்டுகிற அழுகை. யாரும் வெட்டவில்லை, யாரும் மயக்க மருந்து கொடுக்கவில்லை. சேதி சொல்ல வெளியே வந்தபோது தேவா சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அந்தப் படிவம் இன்னும் அவர் கையில், வியர்வையில் நனைந்து இருந்தது. வாங்கி நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, மிச்சச் சோற்றைச் சாப்பிடப் போனேன்.